சுமைதாங்கிக்கு நான் அடித்த வெள்ளை

கடல் கடந்து வந்து எங்களை ஆண்ட அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டு வென்ற கோயில்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பிள்ளையார் வென்றார். அவருக்காகப் பேசியவர்கள் சட்டம் படித்தவர்கள். வென்று கொடுத்தவன் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். பெருமைதான்.

நான் சுண்ணாம்புக்காரன். கொழும்புத்துறையில் பிறத்தியாருடைய சூளைக்குக் கல் சுமந்து தொழிலைத் தொடங்கி, முப்பது வயதுக்குள் ஊரில் சொந்தமாக மூன்று சூளை போட்டவன். அரியாலைப் பக்கம் அந்தக் காலத்தில் எழும்பிய கல்வீடுகள் பல என் சுண்ணாம்பில்தான் இன்றைக்கும் நிற்கின்றன. நீற்றிய சுண்ணாம்பை விரலில் எடுத்து உரசினாலே, எந்தச் சூளையில் வெந்தது என்று சொல்லிவிடுவேன்.

தொண்டைமானாற்றுக்குப் போகிற வீதியோரம் பிள்ளையாருக்கு ஒரு காணி இருந்தது. அதில் ஒரு மடம், ஒரு கிணறு, ஒரு சுமைதாங்கி. இரண்டு தூணும் அவற்றின் மேல் ஒரு படுக்கைக் கல்லும்தான் சுமைதாங்கி. கடகம் சுமந்து சந்தைக்குப் போகிறவர்கள் ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை அதில் சரித்து வைத்துவிட்டு, கீழே நிழலில் குந்துவார்கள். தொண்டைமானாற்று முருகன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் மடத்தில் படுத்து எழும்பிப் போவார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு நாலைந்து வருடம் முந்தி, ஒருநாள் அரசாங்கக் கச்சேரி ஆட்கள் வந்து அந்தக் காணியின் நாலு மூலையிலும் கல் நட்டு, மடத்தைப் பூட்டினார்கள். யாரும் ஆளாத தரிசாம், ஆகவே முடிக்குரிய நிலமாம், அதில் உப்பைச் சேர்த்து வைக்கக் கிட்டங்கி கட்டப் போகிறார்களாம். கோயிலிடம் உறுதிப் பத்திரம் கிடையாது. தருமத்துக்கு விட்ட காணிக்கு எங்கள் பாட்டன்மார் உறுதி எழுதி வைக்கவில்லை.

கோயிற் சபை கூடியது. "அரசாங்கத்தோடை ஆர் கொழுவுறது?" என்று சிலர் பின்வாங்கினார்கள். கோயில் காரியங்களைப் பார்க்கும் மணியமாக இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்த புகையிலைக் கமக்காரர். அவர் எழும்பினார்.

"கொழுவுறது பிள்ளையார். நாங்கள் வண்டிக்காறர் மாதிரி. ஆளைக் கோட்டுக்கு ஏத்திக்கொண்டு போறம், அவ்வளவுதான்."

வழக்குப் போட்டோம். எங்கள் வழக்கைப் பேச அமர்த்திய அப்புக்காத்து ஐயா எங்களை இருத்தி வைத்து விளக்கினார்.

"உறுதி இல்லாட்டில், முப்பது வருஷத்துக்கு மேலை கோயில் உந்தக் காணியை விடாமல் ஆண்டது எண்டு காட்டவேணும். வேறை வழியில்லை. கிழவர்மாற்றை வாய்ச்சாட்சியை எதிர்ப்பக்கம் ஊதித் தள்ளிப்போடும். நல்ல காலம், நீதிபதி துரை இடத்தை நேரிலை பாக்க வாறாராம். அந்தப் பழைய சுமைதாங்கியை அவர் ஒருக்காக் கண்டால் போதும்."

துரை வருகிறார் என்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மனிதர் வருகிற இடத்தை அழுக்காகவா வைப்பது? சனம் வீதியைக் கூட்டியது, மாவிலைத் தோரணம் கட்டியது, நிறைகுடம் வைத்தது. நான் சூளையிலிருந்து முதல்தரமான சுண்ணாம்பைக் கொண்டுபோய், மடத்தின் வெளிச்சுவர், கிணற்றுக் கட்டு, சுமைதாங்கி எல்லாவற்றுக்கும் மூன்று பூச்சு அடித்தேன். வழக்கத்தில் ஒரு பூச்சுத்தான். படுக்கைக் கல்லின் அடிப்பக்கத்தைக்கூட விடவில்லை. வெயிலில் பார்க்கக் கண் கூசியது.

"பொம்பிளை பாக்க வாறவைக்குக் காட்டுற மாதிரியெல்லோ வெளிக்கிடுத்தி விட்டிருக்கிறீர், தம்பி" என்றார் மணியம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை கார்கள் வந்தன. துரையும் மொழிபெயர்க்கும் முதலியாரும் ஒன்றில், அப்புக்காத்துமார் இருவரும் மற்றதில். எங்கள் அப்புக்காத்து இறங்கிய உடனேயே முகம் கறுத்தது.

"ஆர் உந்த வேலை பாத்தது?"

"நான்தான் ஐயா" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"கெடுத்துப்போட்டீர்."

அரசாங்கப் பக்கத்து அப்புக்காத்து சுமைதாங்கியை ஒருமுறை சுற்றி வந்தார். விரலால் தொட்டார். விரலில் ஒட்டிய வெள்ளையைத் துரையிடம் காட்டி இங்கிலீசில் ஏதோ சொன்னார். துரை சிரித்தார்.

"என்னவாம் ஐயா?" என்று முதலியாரிடம் கேட்டேன்.

"பழசு எண்டு சொன்னியளாம், உது இன்னும் காயக்கூட இல்லையாம். வழக்குக்காகக் கட்டினது எண்டு சொல்லுறார்."

மணியம் என் காதருகே வந்தார். "பிள்ளையாரை நாங்கள் ஏத்திக்கொண்டு வந்தம். நீ வண்டியைக் கவிட்டுப்போட்டாய்." அதுவரை என்னை 'நீர்' என்றே சொல்லி வந்த மனிதர்.

துரை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார். காணி போகிறது, என் பூச்சாலேயே போகிறது. அந்தப் பூச்சையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பிடிபட்டது. விழுந்தடித்து ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்றேன்.

"முதலியார் ஐயா, துரையை ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுங்கோ. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. சுண்ணாம்பு வாசிப்பன்."

முதலியார் அதை எப்படிச் சொன்னாரோ, துரை திரும்பி வந்தார். நான் சுமைதாங்கியின் கீழே குந்தி, படுக்கைக் கல்லின் அடிப்பக்கத்தில் கத்தியை வைத்துத் தட்டினேன். மேற்பக்கம் சுமை உரசியும் மழை கழுவியும் தேய்ந்திருக்கும். அடியில் மழையும் படாது, சுமையும் படாது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சில்லுப் பெயர்ந்தது. அதன் ஓரத்தைச் சீவி நீட்டினேன். வெள்ளை, மயிரளவு பழுப்புக் கோடு, மறுபடி வெள்ளை, மறுபடி கோடு.

"ஒவ்வொரு கொடியேற்றத்துக்கும் முதல், கோயிலுக்கு வெள்ளை அடிக்கேக்கை இதுக்கும் ஒரு பூச்சு. நான் பிறக்க முந்தியே உள்ள வழக்கம். பழசைச் சுரண்டுறேல்லை. இந்தக் கோடு வீதிப் புழுதி. ஒரு கோடு ஒரு வருஷம்."

எதிர்ப்பக்கத்து அப்புக்காத்து விடவில்லை. ஒரே நாளில் எத்தனை பூச்சும் அடிக்கலாமே என்றார்.

"ஓம் ஐயா, அடிக்கலாம். நேற்று நானே மூண்டு அடிச்சனான். வெளிப்பக்கத்தைப் பாருங்கோ, மூண்டும் ஒண்டாய் ஒட்டிக் கிடக்கு. இடையிலை கோடு இருக்கோ?"

அவர் குனிந்து பார்த்துவிட்டு விலகி நின்றார். துரை சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பென்சில் நுனியை வைத்து எண்ணத் தொடங்கினார். முதலியார் தமிழில் உரக்கச் சொன்னார். பத்து வந்தபோது சனம் நெருங்கி வந்தது. இருபதில் பின்னால் நின்றவர்கள் எக்கி எட்டிப் பார்த்தார்கள். முப்பத்தொன்று என்றபோது மணியத்தின் கை என் தோளை இறுக்கியது, நகம் பதிந்தது. எண்ணிக்கை நிற்கவில்லை. நாற்பத்துமூன்றில்தான் கல்லோடு ஒட்டியிருந்த பக்கம் வந்தது. துரை சில்லைத் தன் கைலேஞ்சியில் சுற்றி வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

சில மாதத்தில் தீர்ப்பு வந்தது. காணி கோயிலுக்கு. அன்று பின்னேரமே நாலு மூலைக் கல்லையும் நானே கிண்டிப் பிடுங்கினேன். ஊர் சுற்றி நின்று பார்த்தது. மணியம் வந்து, "தம்பி, உம்மடை கை நல்ல கை" என்றார்.

சில்லுப் பெயர்த்த இடத்தைச் சாந்து வைத்து மூட நான் விடவில்லை. இன்றைக்கும் கொடியேற்றத்துக்கு முதல் சுமைதாங்கிக்கு வெள்ளை அடிப்பது என் சுண்ணாம்புதான். இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கட்டுமே, தைப்பொங்கலுக்கும் ஒரு பூச்சு அடியுங்கோ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அடிக்கமாட்டேன். வருடத்துக்கு ஒன்று. இனியொரு துரை கண்ணாடியோடு வந்தால், எண்ணிக்கை பிழையாகக்கூடாது.