ஜாஃபர் கேட்ட பேகல்

போன ஞாயிற்றுக்கிழமை ரொட்டியைத் தண்ணீரில் வேக வைத்தேன். சிரிக்காதீர்கள். பேகல் என்கிற பண்டத்தை அப்படித்தான் செய்ய வேண்டுமாம் — முதலில் கொதிக்கிற தண்ணீர், அப்புறம் ஓவன்.

பாயாவும் ஆப்பமும் கிடைக்கிற ராயபுரத்தில் இது எதற்கு என்கிறீர்களா? எல்லாம் மாடி வீட்டு ஜாஃபருக்காக.

ஜாஃபருக்குக் கப்பலில் வேலை. லீவில் வந்தால் எங்கள் பில்டிங்கே கலகலப்பாகிவிடும். இந்த முறை வந்தது ஸ்ட்ரெச்சரில். டெக்கில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி, எலும்பும் கூடிவிட்டது. இனி தாராளமாகப் படி இறங்கலாம் என்று டாக்டர் சொல்லியும் மனுஷர் ரூமை விட்டு வரவில்லை. பிசியோதெரபிஸ்ட் கெஞ்சினால், "நாளைக்குப் பாக்கலாம்." தினமும் அதே பதில். சாப்பாடும் பாதி தட்டோடு திரும்பிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி மும்தாஜ் என் தோழி. ஒரு நாள் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா வோணும்னு கேட்டா ஒண்ணியும் வாணாங்குறாருக்கா. நேத்து மட்டும் வாய்ல நுழையாத பேரு ஒண்ணு சொன்னாரு. வெளிநாட்டு ஹார்பர்ல எறங்குனா மொதல்ல அத்த தான் துண்ணுவாராம். நடுவுல ஓட்ட போட்ட ரொட்டியாம்."

என் வீட்டில் ஓவன் இருக்கிறது. அதற்குள் பாத்திரங்களை அடுக்கி வைத்திருந்தேன் என்பது வேறு விஷயம். யானைக்கவுனிப் பக்கம் போய் ஈஸ்ட் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நானும் மும்தாஜும் வேலையில் இறங்கிவிட்டோம்.

முதல் மாவு உப்பவே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் என்று செய்முறை வீடியோவில் சொன்னார்கள். நான் ஊற்றியது டீ போடுகிற சூட்டில். ஈஸ்ட் செத்துப்போனது.

"இன்னாக்கா, அப்டியே கீது?" என்றாள் மும்தாஜ்.

மறுபடியும் முதலிலிருந்து. பேகல் மாவு பரோட்டா மாவு போல இளகக் கூடாது, இறுக்கமாக இருக்க வேண்டும். பிசைந்தால் கை விட்டுப்போகும். மும்தாஜ் என்னைத் தள்ளிவிட்டுத் தானே பிசைந்தாள். அடித்து, மடித்து, அழுத்தி... ஏதோ கோபம் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"கப்பலுக்குப் போவாட்டி போவட்டும்கா. கீழ எறங்கி ஒரு டீ குட்சிட்டு வந்தா போதும் எனக்கு."

நடுவில் போன் வேறு. மேலேயிருந்து ஜாஃபர். "ஆச்சா?" இல்லை, இப்போதுதான் மாவு உப்புகிறது. இன்னும் சற்று நேரம் கழித்து, "ஆச்சா?" இல்லை, உருட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதல் தட்டு ஓவனுக்குள் போனது. அடுத்ததை வேக வைத்துக்கொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது.

கதவைத் திறந்தால் — ஜாஃபர். ஒரு கை சுவரில். நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னும் ஆவலியா? பசிக்குது."

மும்தாஜ் கையில் கரண்டியோடு நின்றாள். "எப்டி வந்தீங்க?"

"படில தான்."

நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பேகல்கள் வெளியே வந்தன. எள் தூவி, பொன்னிறமாக... பாதிக்கு மேல் ஓட்டை மூடிப்போய் பன் மாதிரி இருந்தன. அவர் ஒன்றை எடுத்துப் பிய்த்து, நெடுநேரம் மென்றார்.

"இது பேகல் இல்ல."

"பின்ன இன்னாவாம்?" என்றாள் மும்தாஜ்.

"தெர்ல. நல்லா கீது."

அடுத்ததை மும்தாஜ் செய்துவைத்திருந்த மட்டன் கைமாவோடு சாப்பிட்டார். அப்புறம்தான் மெல்லச் சொன்னார்: "பாதி படில கால் நடுங்கிச்சுக்கா. திரும்பிடலாம்னு நெனச்சேன். ரொட்டி வாசன வந்துச்சு... சரி, வந்தது வந்துட்டோம்னு எறங்கிட்டேன்."

திரும்ப ஏறும்போது மும்தாஜ் அவரைத் தாங்கிப் பிடிக்கவில்லை. ஒரு படி பின்னால், கையை மட்டும் நீட்டியபடி போனாள்.

உடம்பு சரியில்லாதவர்களிடம் நாம் என்னதான் பேசுகிறோம்? இதைச் சாப்பிடு, அப்படிப் படு, எழுந்து நட... எல்லாமே உத்தரவு. ஆசைப்பட்டதைச் செய்யத் தொடங்கிவிட்டு, கொஞ்சம் காக்க வைத்துப் பார்த்தால்தான் என்ன?

மறுநாள் மதியமும் பெல் அடித்தது. வாசலில் ஜாஃபர்.

"அக்கா, ரசம் சோறு கீதா?"