கருங்கல்லும் சைக்கிள் டியூபும்: பிலோமினா அக்காவுக்கு

செவ்வாய்க்கிழமை காலை தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கொட்டாஞ்சேனை பிலோமினா அக்காவின் மகள் ஜெரால்டின். “அங்கிள், அம்மா விடிய களுபோவில ஆஸ்பத்திரியில மோசம் போயிட்டா. அம்மாட கொப்பியில உங்கட நம்பர்தான் முதல்ல இருந்திச்சு” என்றாள். ஊற்றிய தேநீர் அப்படியே ஆறிப்போயிற்று. துக்கத்தோடு ஒரு பெருமையும் நெஞ்சில் ஏறியது. அந்த மனுஷியோடு பதினெட்டு வருஷம் ஒரே அறையில் வேலை செய்தவன் நான்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரியும். மீதிப் பாதியை எழுத அவர் உயிரோடு இருக்கும்வரை விடவில்லை. “எழுதினா என்னைப் பெரிய ஆளாக்கிப் போடுவீங்க” என்பார். இனித் தடுக்க முடியாது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் இயந்திரங்கள் திருத்தும் வேலைத்தலத்தில் அவர் படம் வரைபவர், நான் கிளார்க். ஒரு ஜெனரேட்டரைத் தரையோடு இறுக்கிப் பூட்டிவிட வேண்டுமென்று போர்மன் ஒற்றைக்காலில் நின்றார். அக்கா பென்சிலைக் கீழே வைக்காமலே சொன்னார்: “இறுக்கினா அதிர்வு நிக்காது, ஐயா. கட்டடம் முழுக்க நடக்கும்.” போர்மன் சிரித்துக்கொண்டு போய் இறுக்கிப் பூட்டினார். ஒரு கிழமைக்குள் எங்கள் அறையின் இரண்டு ஜன்னல் கண்ணாடிகள் வெடித்தன. பிறகு அவரே வந்து, அக்காவின் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அக்காவின் கணவர் விட்டுப்போன பழைய வால்வு அம்ப்ளிஃபயர் ஒன்று வீட்டில் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்த பின் நாங்கள் ஐந்தாறு பேர் இசைத்தட்டுக் கேட்கக் கூடுவோம். வாசலால் கொள்கலன் லொறி போகும்போதெல்லாம் ஸ்பீக்கரில் மணி அடிப்பதுபோல் ‘ணங்’ என்று கேட்கும். அம்ப்ளிஃபயர் பழுது என்றோம் நாங்கள். அக்கா பென்சிலின் பின்பக்கத்தால் கண்ணாடிக் குழாய் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒன்று ‘ணங்’ என்றது. “உள்ள இருக்கிற கம்பி நடுங்குது. ரோட்டு நடுக்கம் மேசை வழியா ஏறி வருது” என்றார். பொரளையில் கல்லறைக் கல் செதுக்குமிடத்தில் மிஞ்சிய கருங்கல் துண்டொன்றைக் கேட்டு வாங்கிவந்தார். அதன் கீழே சைக்கிள் டியூப், அரைவாசிக் காற்றோடு. கல்லின் மேல் அம்ப்ளிஃபயர். “காத்தைக் கூட அடிச்சா டியூப்பும் மேசை மாதிரித்தான்” என்பார். வயர்களைக்கூட இழுபடாமல் தளர்வாக விட்டார். அடுத்த ஞாயிறு, வாழ்க்கையில் முதல்தடவையாக லொறி வருமா என்று காத்திருந்தோம். வந்தது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுத்தன. பாட்டு அசையவில்லை.

செய்தி பரவிற்று. வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் அம்ப்ளிஃபயரையும் கொடுத்துவிட்டார். அதைத் திருத்தி, கல், டியூப், சோதிக்கும் சின்ன ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை முற்பகல் புறப்பட்டோம். கல்லைத் தூக்க நான். ஓட்டோ செல்வராஜுடையது. பதுளைக்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

காலி வீதிச் சோதனைச்சாவடியில் பெட்டியைத் திறந்த சிப்பாய் இரண்டடி பின்னால் பாய்ந்தான். கண்ணாடிக் குழாய்கள், வயர்கள், ரப்பர் டியூப், பாரமான கல். யுத்தமும் குண்டுவெடிப்புமாக இருந்த அந்த நாட்களில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீதியை மறித்தார்கள். பெட்டியைச் சோதித்து முடித்த பிறகும் சந்தேகம் தீராமல் மூவரையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

எங்கள் இருவரிடமும் வேலைத்தல அட்டை இருந்தது, போகலாம் என்றார்கள். வெளியூர்த் தமிழர் கொழும்பில் தங்கப் பொலிஸில் எடுக்க வேண்டிய பதிவு செல்வராஜுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. அவரை வைத்துக்கொள்வோம் என்றார்கள். உள்ளே போனவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாத காலம். ஒளிக்காமல் சொல்கிறேன், நான் எழுந்துவிட்டேன். “அக்கா, வாங்க, வெளியில போய் லோயரைப் பிடிப்பம்” என்று முணுமுணுத்தேன்.

அக்கா எழும்பவில்லை. அந்த அறை முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொன்னார்: “மூண்டு பேரா வந்தம். மூண்டு பேராத்தான் போறது.” பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, நல்ல சிங்களத்தில், “மஹத்தயா, என் பெட்டியால்தான் இந்த மனிதன் இங்கே இருக்கிறான். பெட்டி என்னவென்று காட்டினால் அவனை விடுவீர்களா?” என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் பெட்டியை அவர் பக்கம் தள்ளி, “காட்டுங்கள்” என்றார். அந்தக் குரலில் அதட்டல் இல்லை.

மின்வெட்டு, கட்டடத்தின் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அம்ப்ளிஃபயரை நேரே மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தார். வால்வுகள் சிவந்தன. ஸ்பீக்கர் ஓயாமல் ‘ணங்… ணங்’ என்றது. இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்து மேசைமேல் வைத்து அந்த நடுக்கத்தைத் தொட்டுணரச் செய்தார். பிறகு டியூப்பையும் கல்லையும் அடியில் வைத்தார். ஸ்பீக்கர் அடங்கியது. ஜெனரேட்டர் மட்டும் வெளியே கத்திக்கொண்டிருந்தது. “திரும்பவும்” என்றார் இன்ஸ்பெக்டர். மூன்று தரம் செய்துகாட்டினார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள்களும் உள்ளே வந்துவிட்டார்கள்.

“யார் சொல்லித் தந்தது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இது என் வேலை, மஹத்தயா” என்றார் அக்கா.

ஒரு மணித்தியாலத்தில் செல்வராஜ் வெளியே வந்தார். கல்லை அவர்தான் தூக்கினார், என்னைத் தொடவிடவில்லை. புறப்படும்போது இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கி, கொலன்னாவையில் தன் வீட்டு வாசலால் எண்ணெய் ஏற்றும் பவுசர் லொறிகள் போகின்றன, தன் பாட்டுப்பெட்டியும் இப்படித்தான் என்றார். “வருகிறேன்” என்றார் அக்கா. பொலிஸ்காரர் வீட்டுக்கா போகப்போறீங்க என்று வழியில் நான் ஏசினேன். “அவர் சொன்ன சொல்லைக் காப்பாத்தினார் தானே. நான் காப்பாத்த வேணாமா?” என்று கேட்டார். அடுத்த கிழமை செல்வராஜின் ஓட்டோவிலேயே போனார். அவர் திரும்பி வந்த சில நாட்களில் செல்வராஜின் பதிவும் வந்துசேர்ந்தது.

வெள்ளிக்கிழமை கோவிலிலிருந்து அக்காவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த ஆறு பேரில் நரைத்த தலையோடு செல்வராஜும் ஒருவர்.

என்னிடம் அக்காவின் பொருள் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள், காலி வீதி பஸ்ஸில் பழைய சிநேகிதன் ஒருவன் ஏறினான். வெளியில் தமிழ் கதைக்கப் பயந்து வழமையாக நாங்கள் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வோம். அன்றைக்கு நான், “எப்படிச் சுகம்? வீட்டில எல்லாரும் என்ன மாதிரி?” என்று தமிழில், வீட்டுக்குள் கதைக்கும் குரலிலேயே கேட்டேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிநேகிதன் பயந்துபோய் ஜன்னலைப் பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்து, என்னைவிட உரக்கப் பதில் சொன்னான். அன்றிலிருந்து என் குரல் அதுதான். அதை எனக்குத் தந்தவர் பிலோமினா அக்கா.