அடித்தால் தண்ணீர் குறையும்

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குள் முப்பத்தொரு பேர் அந்த விளையாட்டுப் பெட்டியின் முன்னால் நின்றுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் இரண்டாவது சுற்று ஆடியவர்கள் நான்கே பேர். மஞ்சுளா பக்கத்திலிருந்த கார்ப் பந்தய இயந்திரத்தின் இருக்கையில் உட்கார்ந்து, யார் எந்த இடத்தில் கையை எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் எடுத்தார்கள். வந்த வேகத்தில் குத்துவார்கள், உதைப்பார்கள், பட்டனை விடாமல் தட்டுவார்கள். எதிராளி நின்றுகொண்டிருக்கும்போதே திரையில் தங்கள் ஆள் முழங்கால் மடங்கிக் கீழே விழுந்துவிடுவான்.

"மிஷின் ரிப்பேருடா" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

இயந்திரத்தில் பழுது எதுவும் இல்லை. அந்த விளையாட்டின் சட்டமே அதுதான். அதன் பெயர் 'ஏழு பாறை'. சேலத்தில் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் விளையாட்டு அரங்கில், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் சோதனைக்காக அதை வைக்க அனுமதித்திருந்தார்கள்.

மஞ்சுளா குமாரபாளையத்துக்காரி. முப்பத்திரண்டு வயது. அப்பாவுக்கு எட்டு விசைத்தறி. படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு டிசைன் சென்டரில் சேர்ந்து, படுக்கை விரிப்புகளுக்கும் துண்டுகளுக்கும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு கட்டம் தப்பினால் தறியில் ஓர் இழை தப்பும். ஒன்பது வருடம் அப்படி வரைந்த கை. அந்தக் கைதான் பிறகு சேலத்தில் நான்கு பேர் கொண்ட சிறிய விளையாட்டு நிறுவனத்தில் புள்ளி புள்ளியாக வீரர்களை வரைய உதவியது.

அவளை இந்தப் பக்கம் திருப்பிவிட்டவர் செங்கோட்டையன். திருச்செங்கோட்டுக்காரர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் இருபத்திரண்டு வருடம் வட மாநிலங்களெல்லாம் சுற்றியவர். வேலை இல்லாமல் வண்டி நிற்கும் நாட்களில் ஓர் அட்டைப் பெட்டியை விரித்து அதில் ஓர் உலகத்தை வரைந்து வைத்திருந்தார். பூமிக்குள் ஏழு அடுக்குப் பாறை. ஒவ்வொரு பாறையிலும் ஒரு கூட்டம். எல்லோருக்கும் அடியில் ஒரே ஊற்று. சுற்றி உட்காருகிறவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஊர் திரும்பியதும் அதைப் பெட்டியில் போட்டு விற்க ஆசைப்பட்டார். யாரோ சொல்லி மஞ்சுளாவைத் தேடி வந்தார். நாற்பது அட்டைகளுக்கு அவள்தான் படம் வரைந்தாள். சரளைக்காரி, கருங்கல் மல்லன், ஊற்றுக்கண்ணி எல்லோரும் அவள் கையில் முகம் பெற்றவர்கள்.

பிறகு அவள் வேலைக்குச் சேர்ந்த நிறுவனம், அந்த உலகத்தை வைத்து ஒரு சண்டை விளையாட்டு செய்யலாம் என்றது. செங்கோட்டையன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"அடிச்சா அடிக்கறவனுக்குத் தண்ணி கொறையோணும். வேற எதை வேணாலும் மாத்திக்குங்க அம்மணி. அதைத் தொடக் கூடாது."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். திரையின் மேலே வீரனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்ப்பட்டை இருக்க வேண்டிய இடத்தில் நீல நிறத் தண்ணீர்ப்பட்டை வந்தது. ஒவ்வொரு குத்துக்கும் குத்தியவனின் நீலம் குறையும். பார்த்து, நிதானித்து, தேவையான இடத்தில் மட்டும் அடிப்பவன்தான் நிற்பான்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. அரங்கில் யாருக்கும் பொறுமை இல்லை.

பன்னிரண்டு மணிக்கு அரங்கின் மேலாளர் சௌந்தர்யா வந்தாள். "மேடம், காலையில இருந்து ஆறு பேர் எங்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாங்க. மூணு மணி வரைக்கும் பாக்கறேன். இப்படியே போனா எடுத்துட்டுப் போயிடுங்க. அந்த இடத்துல வேற மிஷின் வைக்கணும்."

சுவரோரத்து நாற்காலியில் செங்கோட்டையன் வெள்ளைச் சட்டையும் மடியில் ஒரு துணிப்பையுமாக உட்கார்ந்திருந்தார். காலை ஏழு மணிக்கே பஸ் ஏறி வந்தவர். சௌந்தர்யா சொன்னது அவர் காதில் விழவில்லை. மஞ்சுளா பார்த்ததும் கையை உயர்த்தி, 'எப்படி?' என்று சைகையில் கேட்டார். அவள் தலையை ஆட்டிவைத்தாள்.

நிரல் எழுதும் யோகேஷ் அவளருகே வந்து தணிந்த குரலில் சொன்னான். "அக்கா, அதைப் போட்டுடலாமா?"

'அது' அவள் கைப்பையில் ஒரு பென் டிரைவில் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே இருவரும் சேர்ந்து யாருக்கும் தெரியாமல் செய்து வைத்தது. அதே பாறைகள், அதே ஆட்கள். நீலப்பட்டைக்குப் பதிலாகச் சிவப்பு உயிர்ப்பட்டை. அடிபடுகிறவனுக்குத்தான் குறையும், எல்லாச் சண்டை விளையாட்டுகளையும் போல.

"அண்ணன் இருக்கறாருடா" என்று மஞ்சுளா செங்கோட்டையன் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"சாப்பிடப் போவாருல்ல."

ஒன்றரை மணிக்கு அவர் வெளியே மெஸ்ஸுக்குக் கிளம்பினார். "நீங்களும் வாங்க" என்று இருவரையும் கூப்பிட்டார். "நாங்க அப்புறமேலு சாப்புட்டுக்கறமுங்ணா" என்றாள் மஞ்சுளா. அவர் படியில் இறங்கி மறைந்ததும் இயந்திரத்தின் பின்கதவைத் திறந்தது அவள்தான். சாவி இரண்டு முறை நழுவியது.

பத்து நிமிடத்தில் எல்லாம் மாறிவிட்டது. முதலில் இரண்டு பேர் நின்றார்கள். பிறகு அவர்களுக்குப் பின்னால் நான்கு பேர். கருங்கல் மல்லன் எகிறி உதைக்க, கூட்டம் 'ஓ' என்று கத்தியது. சௌந்தர்யா தூரத்திலிருந்தே கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். யோகேஷ் சிரித்தான். மஞ்சுளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் படிக்கட்டிலேயே இருந்தது.

இரண்டேகால் மணிக்குச் செங்கோட்டையன் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். தோள்களுக்கிடையே எட்டி ஒரு சுற்று முழுவதும் பார்த்தார். பிறகு திரும்பி அவளிடம் வந்தார்.

"அடிக்கறவனுக்கு ஒண்ணுமே கொறையலியே, அம்மணி?"

ஏதோ செட்டிங் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"நான்தானுங்ணா மாத்துனேன்."

"எப்ப?"

"நீங்க சாப்புடப் போனப்ப."

"முக்கா மணி நேரத்துல செய்யற வேலையா இது?"

"இல்லீங்ணா. போன மாசமே செஞ்சு வெச்சுட்டமுங்."

அவர் திரும்பி நடந்தார். நாற்காலியிலிருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மஞ்சுளா பின்னாலேயே ஓடினாள். மூன்று மாடியும் இறங்கி, வண்டிகள் நிற்கும் இடத்தில்தான் அவரைப் பிடிக்க முடிந்தது.

"திட்டிப்போடுங்ணா. இப்படிப் போகாதீங்க."

"திட்டி என்ன ஆவப்போவுது?" அவர் குரல் உயரவில்லை. "அந்தச் சட்டம் எங்கிருந்து வந்துதுன்னு ஒனக்குத் தெரியுமா? ராஜஸ்தான் பக்கம் ஒரு ஊரு. தண்ணி லாரி ரெண்டு நாளா வல்ல. நாங்க அஞ்சு பேரு, ஒரு கேன் தண்ணி. மாதேஷுன்னு எங்கூட வேலை செஞ்சவன், முறை தப்பிக் கேனை எடுத்துட்டான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோவம் வந்துதோ. அடிச்சேன். விழுந்தவனை மறுபடியும் மறுபடியும் அடிச்சேன். அந்த வெயில்ல அவனை அடிச்ச அடியில எனக்கே கண்ணு இருட்டி நானும் சாஞ்சுட்டேன். அடிச்சா என்ன ஆவும்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். அதத்தான் நீ செவப்புப் பெயின்ட் அடிச்சு மறச்சுட்ட."

மஞ்சுளாவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் அவள் கேட்டாள்.

"அப்புறம் எப்படிங்ணா எந்திரிச்சீங்க?"

"அவன்தான். மூக்குல ரத்தம் ஒழுக ஒழுக, இருந்த தண்ணியில பாதியை எம் வாயில ஊத்துனான்."

அவள் அவரையே பார்த்தாள். "அது எங்கீங்ணா ஆட்டத்துல இருக்குது?"

"எது?"

"ஊத்துனது. அடிச்சாக் கொறையும்னு எழுதியிருக்கீங்க. விழுந்தவனுக்கு இன்னொருத்தன் ஊத்தலாம்னு எங்கயும் எழுதலியே?"

அவர் எரிச்சலோடு கையை வீசினார். "மேசையில ஒக்காந்து ஆடும்போது ஒருத்தன் காஞ்சு போனா பக்கத்துல இருக்கறவன் குடுப்பான். எப்பவும் அப்படித்தான். அதையெல்லாம் எதுக்கு எழுதறது?" சொல்லி முடித்தபோது அவர் குரல் மெல்லத் தேய்ந்தது.

இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவனுக்குப் பக்கத்தில் மேசை இல்லை, அப்படிக் கொடுக்க வழியும் இல்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"எனக்கு ஆறு மணி வரைக்கும் டைம் குடுங்ணா."

"அஞ்சே முக்காலுக்குப் பஸ்ஸு. நான் போவேன்" என்றார். மேலே வர மறுத்துவிட்டார்.

மாடிக்குத் திரும்பியபோது சௌந்தர்யா ஒப்புக்கொள்ளவில்லை. "நல்லா ஓடிட்டு இருக்கறதை எதுக்கு மேடம் எடுக்கறீங்க?"

"ஒரே ஒரு தடவை. பிடிக்கலைன்னா நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

"ஆறு மணிக்கு ஒரு பர்த்டே பார்ட்டி வருது. அதுக்கு முன்னாடி ஓடணும். ஆறுக்கு மேல ஒரு நிமிஷம்கூட இல்லை."

அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றிக் கேட்டால் மஞ்சுளா இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். இயந்திரத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து யோகேஷ் நிரலைத் தட்டினான். அவள் மடிக்கணினியை மடியில் வைத்து, குனிந்து தண்ணீர் ஊற்றும் ஆளை வரைந்தாள். யோகேஷ் கைகளை ஓடவிட்டுக்கொண்டே சண்டை போட்டான்.

"அக்கா, ஜெயிச்சவன் எதுக்கு ஊத்துவான்? அவனுக்கு என்ன லாபம்?"

"ஊத்தாட்டி ஆட்டம் அங்கயே முடிஞ்சிரும். ஊத்துனா ரெண்டு பேரும் அடுத்த பாறைக்கு எறங்கலாம். ஆனா அவங்கிட்ட பாதித் தண்ணிதான் இருக்கும்."

அவன் கை நின்றது. "எத்தனை பாறை?"

"ஏழு."

"முடிவு பண்ண எவ்வளவு நேரம்?"

"அஞ்சு செகண்ட்."

யோகேஷ் மறுபடி தட்டத் தொடங்கினான். ஐந்தேகாலுக்கு முதல் முறை ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றியதும் இயந்திரம் உறைந்துபோனது. ஐந்து முப்பத்தைந்துக்கு இரண்டாவது முறை: விழுந்தவனுக்குத் தண்ணீர் ஏறியது, ஆனால் எழாமல் படுத்த நிலையிலேயே நகர்ந்தான். யோகேஷின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மஞ்சுளா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தே முக்கால். பஸ் போயிருக்கும்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு விழுந்தவன் ஒழுங்காக எழுந்து நின்றான். திரையின் மேலே மறுபடி நீலப்பட்டை வந்தது.

நர்சிங் படிக்கும் இரண்டு பெண்கள் முதலில் வந்தார்கள். ஒருத்தியை மற்றவள் ஷாலினி என்று கூப்பிட்டாள். வழக்கம்போலத் தட்டினார்கள், நீலம் சரிந்தது. "ஏய், நாம அடிச்சா நமக்கே கொறையுதுடி!" என்று ஷாலினி கத்தி, கையை நிறுத்திக் காத்திருந்து ஒரே ஓர் உதை விட்டாள். தட்டித் தட்டித் தண்ணீர் தீர்ந்திருந்த தோழியின் ஆள் விழுந்தான். திரையில் இரண்டு சொற்கள் வந்தன: ஊத்து, விடு. கீழே ஐந்து, நான்கு என்று எண்கள் ஓடின.

"ஊத்துடி!" என்றாள் தோழி.

"நீ ஜெயிச்சிருந்தா ஊத்துவியா?"

"ஊத்துவேன்டி, சத்தியமா!"

பின்னால் வரிசையில் நின்றவன், "விட்டுடுங்கக்கா, அடுத்து நான் ஆடணும்" என்றான். கூட்டம் சிரித்தது. இரண்டு, ஒன்று. ஷாலினி ஊற்றினாள். பாறை பிளந்து இருவரும் இரண்டாம் அடுக்குக்கு இறங்கினார்கள். அங்கே, பாதித் தண்ணீரோடு நின்ற ஷாலினியின் ஆள் விழுந்தான். மறுபடி ஐந்து நொடி. தோழி அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே 'விடு'வை அழுத்தினாள்.

அரங்கமே அலறியது. ஷாலினி தோழியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, "இன்னொரு ஆட்டம் வாடி, பாத்துக்கறேன்" என்று கட்டண அட்டையை இயந்திரத்தில் மறுபடி தேய்த்தாள். பிறந்தநாள் விழாவுக்கு வந்தவர்கள் கேக் வெட்டக் கூப்பிட்டும் நகரவில்லை.

மஞ்சுளா வெளியே வந்து செங்கோட்டையனுக்குப் போன் செய்தாள். முழுவதும் அடித்து நின்றது. மறுநாளும் அவர் எடுக்கவில்லை.

அரங்கத்தார் ஐந்து இயந்திரம் எடுப்பார்கள் என்று நிறுவனம் எதிர்பார்த்திருந்தது, இரண்டுதான் எடுத்தார்கள். அதுவே பெரிது என்றான் யோகேஷ். பாராட்டு வந்தபோதெல்லாம் மஞ்சுளாவுக்குச் செங்கோட்டையன் படியிறங்கிப் போனதே நினைவுக்கு வந்தது. நான்காவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி மாரக்காள். "உள்ளதான் இருக்கறாரு, போ சாமி" என்றார். செங்கோட்டையன் மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தியா, ஆட்டத்தைப் பத்திப் பேச வந்தியா?"

"ரெண்டுக்குந்தானுங்ணா."

"எங்கிட்டச் சொல்லாம செஞ்ச பாரு, அது எனக்கு ஆறாது. இன்னைக்கு ஆறாது. அதனால அதைப் பேச வேண்டாம்." பேனாவைக் கீழே வைத்தார். "போன செவ்வாக்கிழமை சேலம் போயிருந்தேன். ஒரு மணி நேரம் நின்னு பாத்தேன்."

மஞ்சுளா ஓரடி முன்னால் வந்தாள்.

"அஞ்சு செகண்ட் அதிகம் அம்மணி. யோசிக்க நேரம் குடுத்தா எல்லாரும் கணக்குப் போட்டுட்டுத்தான் ஊத்தறான். மூணு போதும்."

"மூணுன்னா திரையில இருக்கறதைப் படிக்கவே நேரம் பத்தாதுங்ணா."

"அப்ப எழுத்தை எடுத்துட்டுப் படத்தைப் போடு. நீதான் வரையறவளாச்சே."

அவர் நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்து பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். மூன்றா நான்கா என்று அவர்கள் போட்ட வாதம் மாரக்காள் சாப்பிடக் கூப்பிடும் வரை முடியவில்லை.