வாளியில் சிவந்த தண்ணீர்

என் சம்பளத்தைப் பார்த்துத்தான் என்னைப் பெண் எடுத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ் வேலை, கடைசிக் காலத்துக்குப் பென்ஷன். பன்வில தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்ற குறையை அந்தப் பென்ஷன் மூடி மறைத்தது. இல்லாவிட்டால் கண்டி டவுனில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம் எங்கள் லயத்துப் படியை ஏன் மிதிக்கப் போகிறது? சம்பளம் வீட்டுக்குள் வரலாம். அதைச் சம்பாதித்த வெள்ளை யுனிபோம் மட்டும் வரக்கூடாது.

மாமியாரின் சட்டம் அது. ரத்தமும் சீழும் சாவும் பட்ட துணிக்கு சாமி அறை இருக்கிற வீட்டில் இடமில்லையாம். பின்பக்கக் குழாயடியில் பழைய பெயின்ட் வாளி ஒன்றை எனக்கென்று ஒதுக்கினார். வெயில் விழும் முன்பக்கக் கொடியில் அவருடைய சேலைகள் ஆடும். என் யுனிபோம் கழிவறைச் சுவரோரம், மதில் நிழலில் தொங்கும். மழைக்காலத்தில் மூன்று நாளானாலும் காயாது. ஈரத்தோடு இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, மூக்கைச் சுளிக்கும் நோயாளிகளுக்கு ஊசி போடுவேன். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுத்தது என் முட்டாள்தனம்.

கொரோனா வந்ததும் சட்டம் இறுகியது. டியூட்டி முடிந்து வந்தால் கேட்டருகே மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நிற்பார். என் மேல் தெளிப்பார், யுனிபோம் இருக்கும் பையைத் திறக்கச் சொல்லி அதற்குள்ளும் தெளிப்பார். மஞ்சள் இறக்குமதி நின்று, கடைகளில் தேடினாலும் கிடைக்காத நாட்கள் அவை. கறிக்கு நான் அரைக் கரண்டி கூடப் போட்டால் வீடு அதிரும். அவர் செம்பு செம்பாகக் கரைக்கலாம். மாமியார் உடைத்தால் மண்குடம்தானே.

வெள்ளைத் துணியில் மஞ்சள் புள்ளிகள் விழுந்தன. “சாப்பிடும்போது கறி கொட்டிவிட்டதா?” என்று மேட்ரன் எல்லோர் முன்னாலும் சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வீட்டு மானத்தை நான்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் எங்கள் வாட்டில் ஒருவர் இறந்துவிட்டார். அது எப்படியோ மாமியார் காதுக்கு எட்டியிருந்தது. அன்றைக்குத் தெளிக்கவில்லை, செம்பை அப்படியே பைக்குள் கவிழ்த்தார். நான் குழாயடிக்குப் போய், சொட்டச் சொட்ட யுனிபோமை வாளியில் போட்டு, சவர்க்காரத் தூளைக் கொட்டித் தண்ணீரைத் திறந்தேன். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும். வாளி முழுவதும் சிவந்துபோனது.

மாமியார் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

“ஐயோ, ரத்தம்! இந்தக் கையோடயா புள்ளையத் தூக்கப் போற?”

“மஞ்சள் மாமி. நீங்க ஊத்துன மஞ்சள்தான். சவர்க்காரம் பட்டா செவக்கும்.”

“எனக்கே கதை சொல்றியா?”

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. பின்கதவில் நின்று, தூக்கச் சொல்லி என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் அவளைத் தன் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டார். என் கணவர் வந்தார். வாளியை எட்டிப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். வாயில் என்ன கொழுக்கட்டையா, சொல்லுங்களேன் என்று கத்தலாம் போலிருந்தது.

“கொஞ்ச நாளைக்கு ஹொஸ்டல்ல இரு,” என்றார். “அம்மா மனசு சமாதானமாகட்டும்.”

கொஞ்ச நாள் என்பது ஐந்து மாதமானது. மிஸ்ஸிமார் ஹொஸ்டலில் எல்லோருடைய துணியும் ஒரே கொடியில் காய்ந்தது. அங்கே எனக்கு ஒரு குறையுமில்லை, பிள்ளை இல்லை என்பதைத் தவிர. போனில் அவள் முகத்தைக் காட்டுவார்கள். முதலில் அழுதாள், பிறகு அழுகையை விட்டுவிட்டாள். அந்த அழுகை நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. தடுப்பூசி போட்டு, டெஸ்ட் எடுத்துக் காட்டிய பிறகு என்னை வீட்டுக்குள் விட்டார்கள். கையை நீட்டினேன். மகள் மாமியாரின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

அந்த வாரமே ஒரு பகலில் கணவருக்குத் துணிக்கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் மேசையில் ஒரு அம்மா வெள்ளை வேட்டியை விரித்திருந்தார். ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. மகனுடைய கல்யாண வேட்டியாம், இதே மாதிரி வேறொன்று வேண்டுமாம்.

அவர் வேட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “புதுசு எதுக்கு அக்கா? வெறும் தண்ணியில அலசி நல்ல வெயில்ல போடுங்க, தானா போயிரும். சவர்க்காரம் மட்டும் போட்டுறாதீங்க. ரத்தம் மாதிரி செவந்துரும், பாக்குறவங்க பயந்துருவாங்க.”

அந்த அம்மா சிரித்தார். அவரும் சிரித்தார். பிறகுதான் வாசலில் சாப்பாட்டுப் பையோடு நின்ற என்னைக் கண்டார், சிரிப்பு நின்றது.

ஐந்து மாதம். அவருக்குத் தெரிந்தே ஐந்து மாதம்.