பூவரசங்கட்டையில் முளைத்த காது

அடைமழையில் மீன்கூடையோடு நனைந்து வந்த அஞ்சுகத்தின் கையில் மீரா சாகிப் தன் குடையைத் திணித்தார். "ஓட்டைக் குடை அக்கா, எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு நனைந்தபடியே பள்ளிவாசலுக்குப் போனார். அஞ்சுகம் வீட்டில் விரித்துப் பார்த்தாள். ஒரு பொத்தல்கூட இல்லை.

அவள் பக்கத்து வீட்டுக்காரர் அவர். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறுவருசம் சைகோனிலிருந்து மனைவியோடு திரும்பியவர். மனைவி அமீர் நிஷா பிறந்ததே அங்கேதான். வந்த இடத்தில் மசக்கை. கஞ்சித் தண்ணிகூட வயிற்றில் தங்கவில்லை. சைகோன் காளான் சாறு கிடைத்தால் குடிப்பேன் என்று சொல்லிக்கொண்டே துவண்டு படுத்துவிட்டாள்.

ஐப்பசியில் ஒருநாள், கொல்லையில் புயலுக்குச் சாய்ந்து மக்கிக் கிடந்த பூவரசங்கட்டை முன்னால் மீரா சாகிப் குந்தியிருந்தார்.

"அக்கா, இது என்னன்னு பாருங்களேன்."

கட்டை நெடுகப் பழுப்புக் காதுகள், யாரோ ஒட்டுக் கேட்பதுபோல.

"நாய்க்குடைதான், தம்பி."

"காம்பு இல்லியேக்கா. சைகோன்ல பூனைக்காளான்னு விப்பாங்க. இதே காது மாதிரிதான்."

"அப்பப் பறிச்சுக் குடுங்க!"

"அது கறுப்பா, சருகாட்டம் இருக்கும். இது கொழகொழங்குதே."

அமீர் நிஷா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். "நா கடையில காஞ்சதத்தான் பார்த்திருக்கேன். மரத்துல எப்படி இருக்கும்னு யாரு கண்டா?"

"கருவாடு தின்னவுங்க மீனப் பாத்து முழிக்கிற கதையால்ல இருக்கு! காய வச்சுப் பாருங்க" என்றாள் அஞ்சுகம். சொன்ன பிறகுதான் பகீரென்றது. பிள்ளைத்தாச்சிப் பெண். விஷமாக இருந்துவிட்டால்?

காய்ந்தது கறுத்துச் சுருண்டது. தண்ணீரில் போட்டதும் மறுபடி காதானது. "அதேதான்!" என்று அமீர் நிஷா சிரித்தாள். அவருக்குத் தெளியவில்லை. "எதக் காய வச்சாலும் கறுக்கத்தானே செய்யும்?"

வேகவைத்து, பிஸ்மி சொல்லி, முதலில் தானே தின்றார். மறுநாள் வரை மனைவியை அதைத் தொட விடவில்லை. வயிறு கடமுடா என்றது. காளானாலா, பயத்தாலா? அவருக்கும் தெரியவில்லை, காரைக்கால் அம்மையாருக்கு நேர்ந்துகொண்டு வாசலிலேயே நின்ற அஞ்சுகத்துக்கும் தெரியவில்லை.

விடிந்தபோது நன்றாகத்தான் இருந்தார். அமீர் நிஷா சாறு குடித்தாள். வயிற்றில் தங்கியது. ஆண்டவன் புண்ணியத்தில் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த மழைக்கும் அந்தக் கட்டையில் பறித்துத் தின்றார்கள்.

பிறகு பிழைப்புக்காக மறுபடி சைகோனுக்கே கிளம்பினார்கள். வழியனுப்ப வந்த அஞ்சுகத்தை மீரா சாகிப் பஸ் படியில் நின்று கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க மட்டும் அதத் தின்னுடாதீங்க. அது அதுதானான்னு எனக்கு இன்னமும் நிச்சயமாத் தெரியல."