நாற்பத்திரண்டாவது வினை

பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் நிமிஷம். வண்டி எண், டிரைவர், புறப்பட்ட நேரம், இந்த மூன்றும் நோட்டில் ஏறாமல் ஒரு பஸ்கூட கேட்டைத் தாண்டியதில்லை. ஏறிவிட்டால் பிறகு மறுபேச்சும் கிடையாது. வீட்டில் பேசுகிற வேலை முழுக்க மனைவியுடையது. அப்பப்பா, என்ன வாய்! பால்காரரிலிருந்து டிப்போ மேனேஜர் வரை அவள் நையாண்டிக்குத் தப்பியவர் இல்லை. இவர் 'உம்' கொட்டுவதோடு சரி.

அப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோதே சுருண்டு விழுந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. ஒரு மாதம் ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய், அதைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கையைக் கட்டிலோடு சேர்த்து ஒரு கட்டு. வீடு திரும்பியபோது காதும் புத்தியும் தெளிவாகத்தான் இருந்தன. நாக்குதான் புரளவில்லை. எழுத்து அட்டையைக் காட்டினால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. உடம்பில் அசைந்தது இடது கை விரல்கள் மட்டும்.

முப்பது வருஷம் காது கொடுத்துக் கேட்காத மனுஷனுக்கு அப்போதுதான் அவள் பேச்சு வேண்டியிருந்தது. வீட்டின் அமைதியை அவரால் தாங்க முடியவில்லை. பழைய டிப்போ நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டார்.

"இரு, உனக்குன்னு ஒரு பாஷையே செஞ்சுடறேன்."

தண்ணீரும் ஜன்னலும் கண்ணெதிரே இருக்கின்றன, அவற்றுக்குப் பெயர் எதற்கு, வினை இருந்தால் போதும் என்று முடிவு செய்தார். தன் வலது கையை அவள் விரல்களுக்குக் கொடுத்தார். அவருடைய கட்டைவிரல், உள்ளே போகிறவற்றுக்கு: ஒருமுறை அழுத்தினால் குடி, இருமுறை என்றால் சாப்பிடு, மூன்று என்றால் விழுங்கு. ஆள்காட்டி விரலில் திரும்பு, தூக்கு, சாய். நடுவிரலில் வலியும் அரிப்பும். மோதிர விரலில் திற, மூடு, அணை. சுண்டுவிரல் மனசுக்கு: நினை, பயப்படு, திட்டு. வினைக்குப் பின் யார் என்று சொல்ல வேண்டும். உள்ளங்கையில் தன் பக்கம் ஒரு கோடு இழுத்தால் நான், அவர் பக்கம் இழுத்தால் நீ. கடைசியில் நேரம். சின்ன அழுத்தம் இப்போது, நீண்ட அழுத்தம் முடிந்துபோனது, இரண்டு தட்டு இனிமேல். இப்படி மொத்தம் நாற்பத்தோரு வினைகள்.

ஆறு வாரம் பழகினார்கள். அவள் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம்: திட்டு, நான், இனிமேல்.

"திட்டு தாயே, வாங்கிக் கட்டிக்கிறேன்" என்று சிரித்தவர் அப்படியே அழுதுவிட்டார்.

அதன்பின் அவள் சொன்னதெல்லாம் மணியோடு நோட்டில் ஏறியது. நேரத்தை விட்டுவிட்டுச் சொன்னால் லேசில் விடமாட்டார். "எப்போன்னு சொல்லலையே?" என்பார். உடனே வரும், திட்டு, நான், இப்போது.

மழைக்காலம் முடிவதற்குள் விழுங்குவது சிரமமாகிவிட்டது. கஞ்சி புரையேறி நுரையீரலுக்குப் போய், காய்ச்சல் வந்து வந்து போனது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், "மறுபடி மூக்குல குழாய் போட்டாதான் தாங்குவாங்க. திங்கட்கிழமை அட்மிட் பண்ணிடுங்க" என்றார். மகள் தன் வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ரூமுக்கும் சொல்லி வைத்தாள்.

டாக்டர் போன கையோடு மனைவி அவர் கையைத் தேடினாள். கட்டைவிரலை அழுத்தவில்லை. அதை மெல்ல மடக்கி அவர் உள்ளங்கைக்குள்ளேயே வைத்து மூடினாள். பிறகு ஒரு கோடு, இரண்டு தட்டு: நான். இனிமேல்.

அவருக்குப் புரியாமல் இல்லை. முதல் தடவையே புரிந்துவிட்டது. ஆனால், "அப்படி ஒரு வினையே நோட்டுல இல்லையே. தப்பா அழுத்திட்டே" என்றார். அவள் மறுபடியும் மடக்கினாள். நான்கு முறை. நான்கு முறையும் மணி போட்டுப் 'பிழை' என்று எழுதினார். முப்பத்தோரு வருஷம் டிப்போ நோட்டு எழுதிய மனுஷன் எழுதிய முதல் பொய் அதுதான்.

அத்தோடு அவள் கை நின்றுவிட்டது. தாகத்துக்கும் சொல்லவில்லை, வலிக்கும் சொல்லவில்லை. இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து கெஞ்சினார்.

"கோவமா? திட்டவாவது செய்யேம்மா."

இவளைப் பேச வைக்க இத்தனை பாடுபட்டதே நான்தான், பேசியதைக் காதில் வாங்காதவனும் நான்தானே என்று தன்னையே நொந்துகொண்டார். நோட்டை எடுத்தார். எழுதியதை உரக்கப் படித்தார்.

"நாற்பத்திரண்டு. போதும். ஏத்திட்டேம்மா."

அவள் விரல் அவர் சுண்டுவிரலுக்கு வந்தது. பயப்படு, நீ, இப்போது.

"ஆமா, ரொம்ப பயமா இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை காரோடு வந்த மகள், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவர் சொன்னதும் கத்தித் தீர்த்தாள். "பைத்தியமாப்பா உங்களுக்கு? அம்மாவைப் பட்டினி போட்டே கொல்லப் போறீங்களா?"

"நான் சொல்லலம்மா. அவளே சொன்னா."

"எதுல? நீங்க செஞ்ச பாஷையிலயா?"

"நீயே கேட்டுப் பாரு."

மகள் கையை நீட்டினாள். அவளுக்கு அந்த பாஷையில் ஒரு வினைகூடத் தெரியாது. அம்மா அவள் கட்டைவிரலை மடக்கி மூடியபோது யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகள் கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அவளே டாக்டரைக் கூப்பிட்டு, வலி தெரியாமல் இருக்க என்ன மருந்து, உதடு காயாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

மனைவி பத்து நாள் பேசினாள். சும்மா சொல்லக்கூடாது, பழைய வாய் அப்படியே திரும்பியிருந்தது. திற என்றாள், மூடு என்றாள், மகளைத் தூங்கச் சொன்னாள், அவரைத் திட்டினாள். அவரும் 'உம்' கொட்டாமல் பதில் சொன்னார். பேச இவ்வளவு இருந்ததா என்று அவருக்கே ஆச்சரியம். இதையெல்லாம் முன்னாலேயே பேசியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார்.

பதினோராம் நாள் மத்தியானம் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். மனைவியின் விரல் அவர் கட்டைவிரலை இருமுறை அழுத்தியது. சாப்பிடு. நீ. இப்போது.

"அப்புறம் சாப்பிட்டுக்கறேன்."

சாப்பிடு. நீ. இப்போது.

"சரி சரி, போறேன்."

ஒன்று பத்து என்று குறித்துவிட்டு அடுக்களைக்குப் போய், நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் மூச்சு நின்றிருந்தது. விரல்களில் இன்னும் சூடு இருந்தது. தன் கையை அவற்றில் கொடுத்து, "சாப்பிட்டுட்டேம்மா" என்றார்.