கூண்டின் குறுக்குக் கம்பி

மீன்கூண்டு பின்னிப் பிழைக்கிறவள் அவள். நீர்நாய் சிக்கிச் சாகக் கூடாதென்று ஒவ்வொரு கூண்டின் வாயிலும் குறுக்குக் கம்பி கட்டுவாள். பெரிய மீன் நுழையவில்லை என்று, அவளுக்குத் தெரியாமல் தம்பி அந்தக் கம்பிகளை வெட்டி எறிந்தான். இன்று காலை ஆற்றிலிருந்து தூக்கிய கூண்டில், பால் கட்டிய காம்புகளோடு ஒரு தாய் நீர்நாய் செத்துக் கிடந்தது.

"நீர்நாய்க்கு நீச்சல் தெரியாதுன்னு நான் கண்டேனா அக்கா?" என்று சிரித்தான்.

"மூச்சு வாங்க மேல வரணும்டா அதுக்கு, மடையா! குட்டிங்க கரையில கத்துது, காது அடைச்சுப்போச்சா?"

"விடுக்கா. மீன் திங்கிற சனியன் ஒண்ணு குறைஞ்சுது."

அவள் கம்பிவெட்டியை எடுத்து, அவனுக்காகப் பின்னி அடுக்கியிருந்த கூண்டுகள் அத்தனையின் அடியையும் வெட்டித் திறந்தாள்.

"இப்ப எவ்வளவு பெரிய மீனும் நுழையும். போய் ஆத்துல போடு."